பெரிய பேருந்தைக் கைவிட்ட நிறுவனம்

பேருந்து நிறுத்தத்தில் கால்கடுக்க நின்று, வந்த வண்டியில் கால் வைக்க இடமின்றித் திரும்பிய அனுபவம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்திலுள்ள எக்ஸிட்டர் நகர மக்களின் குறையோ வேறு. வண்டி பெரிது, ஏறுவோர் சிலர், அடுத்த வண்டிக்கோ நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

அங்கே பேருந்து ஓட்டியது அரசுடைமையான டெவன் ஜெனரல் நிறுவனம். உரிமம் பெற்றவரே ஒரு தடத்தில் வண்டி விடலாம் என்பது 1930ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே போட்டி என்ற அச்சமில்லை. ஆனால் வீடுதோறும் கார் வந்தது, பயணிகள் குறைந்தனர்.

ஹாரி பிளண்ட்ரெட் தலைமையிலான நிர்வாகம் 1984இல் துணிந்து ஒன்று செய்தது. பெரிய வண்டிகளை ஒதுக்கிவிட்டு, 16 பேர் அமரக்கூடிய ஃபோர்டு டிரான்சிட் வேன்களைச் சிற்றுந்துகளாக்கி ஓடவிட்டது. சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வந்தது. குடியிருப்புகளின் குறுகிய தெருக்களுக்குள்ளும் அது நுழைந்தது. கைகாட்டிய இடத்தில் நின்றது. கால அட்டவணையைப் பார்க்கும் தேவையே இல்லாது போயிற்று. கைவிட்டுப் போன பயணிகள் திரும்பி வந்தனர். சிற்றுந்து ஓட்டுநருக்குப் பெரிய பேருந்து ஓட்டுநரைவிட ஊதியம் குறைவு என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். சிக்கனத்தில் ஒரு பங்கு அவர் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது.

1985ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கட்டுப்பாட்டை நீக்கியது. 1986 அக்டோபர் 26 முதல், லண்டன் நீங்கலாக பிரிட்டன் முழுவதும், 42 நாள் முன்னறிவிப்புத் தந்து எவரும் எத்தடத்திலும் பேருந்து விடலாம் என்றாயிற்று. அதற்கு இரு மாதம் முன்பே டெவன் ஜெனரலை அதன் நிர்வாகிகளே விலைக்கு வாங்கிவிட்டனர். தேசியப் பேருந்து நிறுவனத்தின் பேருந்து ஓட்டும் கிளைகளுள் முதலில் தனியார் கைக்குப் போனது அதுவே.

காத்துக்கொள்ளக் கற்றவர்கள் அடுத்துத் தாக்கவும் கற்றனர். 1987இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று, அங்கிருந்த பழைய நிறுவனத்துக்கு எதிராகச் சிற்றுந்துகளை இறக்கினர். எதிரியும் சளைக்காமல் சிற்றுந்து விட்டார். மக்களுக்கு வண்டி பெருகியது. பழமையான வீதிகளில் புகையும் நெரிசலும் பெருகின.

இத்தனை சாமர்த்தியமும் நிறுவனத்தைத் தனித்து வாழவிடவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வளர்ந்த ஸ்டேஜ்கோச், 1996இல் டெவன் வண்டிகளையும் 1997இல் ஆக்ஸ்ஃபோர்டு வண்டிகளையும் வாங்கிக்கொண்டது. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்டி நிறுவனங்கள் மாவட்ட சபையோடு உடன்பாடு கண்டன. முக்கியத் தடங்களில் வண்டிகளைக் குறைத்து, ஒருவர் சீட்டை மற்றவர் வண்டியிலும் ஏற்கத் தொடங்கின.