கோழிக்குள் இறங்குவது எது?

மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறைக்கு மாறியவர்கள் முதலில் ஏங்குவது சிக்கன் 65-க்குத்தான். சோள மாவு இல்லாமல் வறுத்தால் கறி சக்கையாகிவிடும் என்ற பயம். உண்மையில் கறியை மென்மையாக்க மாவு தேவையில்லை.

இரவு முழுக்க மசாலாவில் ஊறிய தொடைக்கறியைச் சுட்டு, குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குத்தான் சிவப்பு. உள்ளே வெள்ளைச் சதை. அதைக் கிள்ளி வாயில் போட்டால் காரம் தெரியாது, உப்பு தெரியும்! கோழிக்கறியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். உப்பு அதில் கரைந்து உள்ளே நகர்கிறது. மிளகாயின் கேப்சைசினும் மஞ்சளின் குர்குமினும் எண்ணெயில் கரைபவை. அவை மேலோடு நின்றுவிடுகின்றன. கறியில் கீறல் போடுவது அதனால்தான்.

உள்ளே போன உப்பு, தசையிலுள்ள மயோசின் என்ற புரதத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த புரதம் உப்பித் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. சுமார் 65 டிகிரியைத் தாண்டும்போது தசையிழைகள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல நீரை வெளியேற்றும். உப்பில் ஊறிய கறி இழக்கும் நீர் குறைவு. மென்மையின் ரகசியம் இதுவே.

தயிரின் லாக்டிக் அமிலமும் இஞ்சியின் நொதியும் மேல்பகுதியை இளக்குகின்றன. பப்பாளிக்காயின் பப்பைன் இன்னும் வீரியமானது. நேரம் கூடினால் மேல்சதை குழைந்துவிடும்.

பொன்னிற முறுகலுக்கும் மாவு தேவையில்லை. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்தால் நிறமும் மணமும் பிறக்கும் என்று 1912-இல் பிரெஞ்சு விஞ்ஞானி மயார் விளக்கினார். கறியிலும் தயிரிலும் இருக்கும் துளி சர்க்கரையே இதற்குப் போதும். ஆனால் 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஈரம் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே கூடுதல் மசாலாவை வழித்துவிட்டு, காய்ந்த தோசைக்கல்லில் மூடாமல் சுடுங்கள். நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால் கிருமி பயமில்லை.

கணக்கைப் பாருங்கள்: கோழிக்கறியில் மாவுச்சத்து இல்லை எனலாம். இரண்டு மேசைக்கரண்டி தயிரில் சுமார் ஒன்றரை கிராம். அதே அளவு சோள மாவில் சுமார் 14 கிராம்.

ஒரு வேண்டுகோள்: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மாவுச்சத்தைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.