வாய்க்கட்டுப்பாடு மட்டும் போதாத கொலஸ்ட்ரால்

மதுரை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தினமும் நடக்கிறார், தேங்காயையும் நெய்யையும் தொடுவதில்லை. இருந்தும் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 230-லேயே நிற்கிறது. “திருட்டுத்தனமாகத் தின்கிறாய்” என்கிறார்களாம் வீட்டில். அந்தப் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் எவ்வளவு தேங்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்பவை கல்லீரல் செல்களின் மேலுள்ள ஏற்பிகள். டல்லாஸ் நகரில் இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏற்பி செய்யும் வேலையைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர் ஆற்றுப் பரிசல்தான் நினைவுக்கு வரும். எல்டிஎல் துகளைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் போகிறது. உள்ளே அமிலம் கூடியதும் பிடியை விட்டுவிட்டு, அடுத்த துகளுக்காக வெறுமனே மேலே வருகிறது. ஒரு நடைக்குச் சுமார் 10 நிமிடம். ஆயுளில் நூறு நடைக்கு மேல். ஏற்பியைத் திரும்பவிடாமல் உள்ளேயே அழிப்பதற்கும் ஒரு புரதம் உண்டு, பிசிஎஸ்கே9. அதன் மரபணுக் கோளாறு 2003-இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் தெரியவந்தது. இன்று அந்தப் புரதத்தைத் தடுக்க ஊசி இருக்கிறது.

வனஸ்பதி, பாமாயில், நெய் அளவுமீறினால் ஏற்பிகளின் வேலை மந்தமாகும். தைராய்டு குறைந்தாலும் அப்படியே. ஆனால் ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை பிறவியிலேயே வருகிறது. பத்தியம் அவர்களுக்கும் வேண்டும்; அது மட்டும் போதாது. ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலை அதிக ஏற்பிகள் செய்யத் தூண்டுகிறது. அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நிறுத்தினால் மறுபடி ஏறும்.

குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை இரு விரல்களால் பிடித்துப் பாருங்கள். தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தால் அங்கே கொலஸ்ட்ரால் படிந்திருக்கலாம். செருப்பு உரசியதென்று தைலம் தேய்த்துக் காலத்தைக் கடத்தாதீர்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறையைப் பெற்ற குழந்தைக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் குடும்பங்கள் இதைக் கூச்சமின்றிப் பேச வேண்டும்.

அம்மா, உங்கள் தந்தை 48 வயதில் மாரடைப்பில் இறந்ததாகக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். இது பரம்பரைக் குறைதான் என்றால், உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. தம்பியையும் பிள்ளைகளையும் இந்த மாதமே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.