இடி மழை காட்டிய பிழை!

1988-ம் ஆண்டு. அமெரிக்கப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், வீட்டில் இருந்தபடி டெலிபோன் கம்பி வழியே கம்ப்யூட்டரில் வேலை செய்தார். வெளியே இடி, மழை. கம்பியில் இரைச்சல் கலந்து, கண்டபடி எழுத்துகள் புகுந்தன. புரோகிராம்கள் படுத்துவிட்டன!

மில்லர் விடவில்லை. மாணவர்களைக் கொண்டு, தாறுமாறான எழுத்துகளை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார். சுமார் 90 புரோகிராம்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தோற்றது!

இது இருட்டில் கல் எறிவது. 2013-ல் வந்த 'ஏ.எப்.எல்.' கருவிக்கோ கண் உண்டு. கொடுத்த எழுத்து புரோகிராமின் புது மூலையைத் தொட்டால், அதையே சற்று மாற்றி மீண்டும் கொடுக்கும். 2014-ல் 'ஹலோ' என்ற சொல்லில் தொடங்கி, தானாகவே ஒரு படத்தை உண்டாக்கியது!

முதல் முறை எளிது. மேலே கிடக்கும் பிழை சிக்கும். ஒளிந்த பிழைக்கு இரண்டாவதே ஏற்றது. உங்கள் பாங்கிப் பணமும் புரோகிராமை நம்பித்தானே இருக்கிறது? பிழையை நாம் காணாவிட்டால், திருடன் காண்பான்!