கரையேறும் கணக்கு

மெர்சிங் படகுத்துறையில் படகு தாமதமானால் பெரும்பாலும் குற்றவாளி கடல்தான். ஆற்றுவாயில் ஆழம் குறைவு. தண்ணீர் வற்றிக் கிடக்கும் நேரத்தில் படகு தரைதட்டும். ஏற்றம் வரும்வரை காத்திருந்து சிபு, ராவா, டாயாங் என்று ஏதாவது ஒரு ஜொகூர் தீவுக்குப் போகிறவர்கள், கரையிலிருந்தே ஸ்கூபா முக்குளிப்புக்கு இறங்கும்போதும் அதே கணக்கைப் போட்டாக வேண்டும்.

காரணம், இத்தீவுகள் பலவற்றில் பவளத் திட்டு கரையை ஒட்டியே கிடக்கிறது. போகும்போது இடுப்பளவு தண்ணீரில் மிதந்து தாண்டிய திட்டு, திரும்பும்போது முழங்காலளவுக்கு வந்திருக்கும். கடல் ஒரே சீராக வடிவதில்லை. ஆறு மணி நேரத்தில் வடியும் என்றால், நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதி போய்விடும். அப்புறம் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்கு நடுவே, பவளத்தை மிதித்து நொறுக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

அலைக்கும் ஒரு கணக்கு உண்டு. தன் உயரத்தைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் அலை உடைகிறது. ஒரு மீட்டர் அலை என்றால் நெஞ்சளவுத் தண்ணீர். புதியவர் நின்று நிதானமாகக் காலில் ஃபின்ஸ் மாட்ட நினைக்கும் இடமும் சரியாக அதுதான்! முதுகிலும் இடுப்பிலும் சிலிண்டரும் ஈயமுமாக 20 கிலோவுக்கு மேல். அரை மீட்டர் அலையைவிட ஒரு மீட்டர் அலைக்கு நான்கு மடங்கு ஆற்றல்.

ஆனால் எல்லா அலையும் ஒன்றல்ல. சற்றே வேறுபட்ட அலைவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது சில பெரிய அலைகள் கூட்டமாக வரும். அவை ஒன்றையொன்று தணிக்கும்போது கொஞ்ச நேரம் அடங்கும். பத்து நிமிடம் கரையில் நின்று பார்த்தால் அந்த இடைவெளி பிடிபடும். கடல் அமைதி என்றால் ஃபின்ஸைக் கையில் எடுத்துப் போய், துணைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மாட்டலாம். அலை அடித்தால் மணலிலேயே மாட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். முன்னோக்கி நடந்தால் ஃபின்ஸின் நுனி மடங்கித் தடுக்கும். பின்னோக்கிப் போனாலும் கண் மட்டும் தோளுக்கு மேலாகக் கடல்மீதே இருக்கட்டும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும்.

2022 ஏப்ரலில் மெர்சிங் கடலில், தோக்கோங் சாங்கோல் அருகே நால்வர் சுமார் 15 மீட்டர் ஆழத்தில் பயிற்சி முடித்து மேலே வந்தபோது பக்கத்தில் படகு இல்லை. நீரோட்டம் இழுத்துப்போனது. மூவர் மீட்கப்பட்டார்கள், 14 வயதுச் சிறுவன் இறந்துபோனான். அது படகிலிருந்து இறங்கிய முக்குளிப்பு. ஆனாலும் ஆபத்து ஆழத்தில் இல்லை, மேலே வந்த பிறகுதான் தொடங்கியது. கரையிலிருந்து போகிறவருக்கும் அப்படித்தான். அதனால்தான் முதலில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறார்கள். களைத்துத் திரும்பும்போது அதே ஓட்டம் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். ஏறும் இடத்தில் அலை உடைந்தால் அடுத்து எங்கே ஏறுவது என்பதையும் இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது நல்லது.

திரும்பும்போது நம் உடம்பே பழைய உடம்பாக இருப்பதில்லை. தண்ணீரின் அழுத்தம் கால்களிலுள்ள இரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது. இரத்தம் கூடிவிட்டதாக உடம்பு ஏமாந்து, சிறுநீராக நீரை வெளியேற்றத் தொடங்குகிறது. கரையேறியதும் பலர் கழிவறை தேடி ஓடுவது இதனால்தான். எழுந்து நின்றால் இரத்தம் மறுபடி கால்களுக்கு இறங்கும், தலை கிறுகிறுக்கும். கூடவே, மிதப்பில் மறைந்திருந்த அந்த 20 கிலோவும் ஒரே நொடியில் முதுகில் ஏறும்.

ஆகவே அலையுள்ள கரையில் எழுந்து நடக்காமல் தவழ்ந்தே ஏறுவது மேல். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அலை தள்ளும்போது முன்னேறி, பின்வாங்கி இழுக்கும்போது கைகளை மணலில் ஊன்றி அசையாமல் கிடக்கலாம். தண்ணீர் முற்றிலும் விலகும்வரை முகத்தில் மாஸ்க்கும் வாயில் ரெகுலேட்டரும் இருக்க வேண்டும். சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் வை என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதில் இந்தக் கடைசிப் பத்து மீட்டருக்கான காற்றும் சேர்த்தி.