பஃபலோ ரோட்டில் கற்ற இணையப் பாடம்

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மன்றம் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்தியது. பதிவு முடிந்த மறுநாள் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. “அக்கா, உங்கள் இணையத்தளத்தில் மூன்று முறை தேடினேன். படிவம் கிடைக்கவில்லை. உரையை எழுதி முடித்துவிட்டேன். இன்னும் சேர முடியுமா?”

சேர முடியவில்லை. பேச்சாளர் பட்டியல் நடுவர்களிடம் போய்விட்டது. வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதியது நான்தான். பிறகு தளத்தைத் திறந்து நானே படிவத்தைத் தேடினேன். ‘செயற்குழு’, அதற்குள் ‘வெளித்தொடர்புப் பிரிவு’, அதற்குள் ‘திட்டங்கள்’, அதற்குள் ‘இரண்டாம் பருவம்’. அங்கே பத்திரமாக இருந்தது படிவம். அந்தத் தளத்தை அமைத்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கே இரண்டு நிமிடம் பிடித்தது.

அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு தளத்தை மாற்றி அமைக்கும் பொறுப்பை நானும் இரண்டு நண்பர்களும் ஏற்றுக்கொண்டோம். நிறத்தையும் படத்தையும் மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். சிக்கல் அங்கே இல்லை என்பது போகப் போகத்தான் புரிந்தது.

யாருடைய கண்ணால் பார்க்கிறோம்?

எங்கள் மன்றத்தில் வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருந்ததோ, தளத்தையும் அப்படியே பிரித்திருந்தோம். ஆனால், பேச்சுப் போட்டி எந்தப் பிரிவின் பொறுப்பு என்பது வெளியிலிருந்து வரும் மாணவிக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லையே!

அரசாங்கச் சேவைகளுக்கும் இதே கேள்வி எழுந்தது. குழந்தை பிறந்தால் பிறப்பைப் பதிவு செய்ய ஓர் அமைப்பு, குழந்தை போனசுக்கு இன்னோர் அமைப்பு. 2018ஆம் ஆண்டு ‘மொமண்ட்ஸ் ஆஃப் லைஃப்’ என்ற செயலி வந்தபோது இவற்றை ஒரே இடத்தில் கொண்டுவந்தார்கள். எந்த அமைப்பு என்பதைவிட, வாழ்க்கையில் எந்தக் கட்டம் என்பதே அதன் அடிப்படை. 2020ல் அது ‘லைஃப்எஸ்ஜி’ எனப் பெயர் மாறியது.

நாங்களும் பிரிவுகளின் பெயர்களை மெனுவிலிருந்து எடுத்துவிட்டோம். ‘போட்டியில் சேர’, ‘நிகழ்ச்சிக்கு வர’, ‘உறுப்பினராக’ என்று, வருபவர் செய்ய விரும்பும் காரியங்களையே தலைப்புகளாக வைத்தோம்.

சீர்காழிக்காரர் காட்டிய வழி

அடுத்து ஒரு வாக்குவாதம். பள்ளி மாணவர்களுக்கான ஏப்ரல் மாதப் பேச்சுப் போட்டியை எங்கே வைப்பது? ‘போட்டிகள்’ என்பதிலா, ‘பள்ளி மாணவர்களுக்கு’ என்பதிலா, ‘தமிழ்மொழி விழா’ என்பதிலா?

இதற்கு விடை தேடியபோதுதான் எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றிப் படித்தேன். 1892ல் சீர்காழியில் பிறந்தவர். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்பது 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று. 1933ல் ‘கோலன் பகுப்பு முறை’யை வெளியிட்டார்.

ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல், அதன் பல முகங்களைத் தனித்தனியாகக் குறித்து இணைக்கலாம் என்பது அவரது எண்ணம். எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் எனப் பல முகங்கள். இணையத்தில் புடவை வாங்கும்போது பட்டா பருத்தியா, என்ன நிறம், என்ன விலை என்று வடிகட்டுகிறோமே, அதன் அடிப்படையும் இதுதான். தகவல் அமைப்பைப் பற்றிய பாடநூல்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன.

எங்கள் வாக்குவாதம் அத்துடன் முடிந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ‘வகை’, ‘யாருக்கு’, ‘எப்போது’ என மூன்று குறிப்புகள் சேர்த்தோம். பக்கம் ஒன்றுதான். எந்த வாசல் வழியாக வந்தாலும் அங்கே போய்ச் சேரலாம்.

‘பதிவு’ என்றால் என்ன?

லிட்டில் இந்தியாவில் தேக்கா நிலையத்தை ஒட்டி பஃபலோ ரோடு இருக்கிறது. கடை வரிசைக்கு அந்தப் பக்கம் கெர்பாவ் ரோடு. மலாயில் ‘கெர்பாவ்’ என்றாலும் எருமைதான். கால்நடை வணிகம் நடந்த வட்டாரம் என்பதால் வந்த பெயர்கள். பொருள் ஒன்று, சாலை இரண்டு. கெர்பாவ் ரோட்டில் உள்ள வண்ணமயமான டான் டெங் நியா இல்லத்தில் சந்திக்கலாம் என்று சொல்லியிருந்தேன். மலாய் தெரிந்த நண்பர் ‘எருமைச் சாலை’ என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பஃபலோ ரோட்டில் காத்திருந்தார்.

எங்கள் தளத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். சொல் ஒன்று, பொருள் மூன்று. மெனுவில் ‘பதிவுகள்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. தளத்தில் உள்ள விவரங்களைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி, நண்பர்களிடம் கொடுத்து, அவரவர் விருப்பப்படி பிரிக்கச் சொன்னோம். ‘பதிவுகள்’ என்றதும் ஒருவர் போட்டியில் பெயர் கொடுப்பது என்றார். இன்னொருவர் காணொளிப் பதிவு என்றார். மூன்றாமவர் மன்றத்தினர் எழுதிய கட்டுரைகள் என்றார். மூவர் சொன்னதும் சரியே. தவறு தலைப்பில்தான். ‘பெயர் கொடுக்க’, ‘காணொளிகள்’, ‘கட்டுரைகள்’ எனப் பிரித்தபின் குழப்பம் தீர்ந்தது.

தேடல் பெட்டியிலும் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் ‘பட்டிமன்றம்’ என்று தட்டினால், ‘பட்டிமன்றத்தில்’ என்று மட்டும் எழுதப்பட்ட பக்கம் வராது. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் முடிவே மாறிவிடுகிறது. அதனால், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முக்கியச் சொல்லை அதன் இயல்பான வடிவில் ஒருமுறையாவது எழுதுவது என முடிவு செய்தோம்.

ஐந்து பேர் போதும்

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். நாங்களும் ஐந்து பேரை அழைத்தோம். கைப்பேசியைக் கொடுத்து, “பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள்” என்று மட்டும் சொன்னோம். உதவக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் மிகக் கடினமாக இருந்தது! என் அம்மா மெனுவைத் தொடாமல் கீழே கீழே நகர்த்திக்கொண்டே போனபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்றிரவே படிவத்துக்கான பொத்தானை முகப்பின் நடுவிலும் வைத்தோம்.

ஐந்தாவதாக நான் அழைத்தது, அன்று மின்னஞ்சல் அனுப்பிய அந்த மாணவியை. தயக்கத்தோடுதான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அரை நிமிடத்தில் படிவத்தைக் கண்டுபிடித்தார். பிறகு, “கடைசி நாள் எப்போது என்று இந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லையே, அக்கா?” என்றார். உண்மைதான். நாங்கள் மூவருமே கவனிக்கவில்லை.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. தமிழ்ப் பக்கத்தில் வழி தெரியாதபோது நம்மில் பலர் சட்டென ஆங்கிலப் பொத்தானை அழுத்துகிறோம். நானும் அழுத்தியிருக்கிறேன். தமிழ் தெரியாமல் அல்ல, தேடியது கிடைக்காமல். அப்படி ஒருவர் போய்விட்டால், தமிழ்ப் பக்கத்துக்கு ஆளே வருவதில்லை என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

உங்கள் பள்ளித் தமிழ் மன்றத்துக்கோ இணைப்பாட நடவடிக்கைக்கோ ஓர் இணையப்பக்கம் இருந்தால், இந்த வாரம் அதை முதன்முறையாகப் பார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். பிறகு பேசாமல் பாருங்கள்.