மூடிய டப்பாவுக்குள் ஃபிலிம் என்ன செய்கிறது?

ஃபிலிம் ரோல் வரும் அட்டைப்பெட்டியில் ஒரு மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். அதற்குள் படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும் என்று பொருள். அந்தத் தேதியைத் தாண்டிய ரோல்களுக்கு இப்போது தனிச் சந்தையே உருவாகிவிட்டது. பழைய ஃபிலிமில் நிறங்கள் விநோதமாக விழும் என்று சொல்லியே விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை வருஷம் பழசு?” என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “இத்தனை வருஷமும் எங்கே வைத்திருந்தீர்கள்?”

ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி ஹாலைடு படிகங்கள் கோடிக்கணக்கில் சிதறிக் கிடப்பதுதான் ஃபிலிம். ஒளி பட்டதும் படிகத்தின் ஏதோ ஓரிடத்தில் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்கின்றன. நான்கைந்து சேர்ந்துவிட்டாலே போதும். டெவலப்பரில் போடும்போது அந்தப் படிகம் முழுவதும் உலோக வெள்ளியாக மாறிக் கறுத்துவிடும். அந்த நான்கைந்து அணுக்களை எந்த நுண்ணோக்கிக்காரரும் எளிதில் காட்டிவிட முடியாது; ஆனால் படம் முழுவதும் அவற்றை நம்பித்தான் இருக்கிறது.

அவற்றை ஒன்றுசேர்க்க ஒளிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதில்தான் வில்லங்கம். வெப்பமும் அந்த வேலையைச் செய்யும். கதிரியக்கமும் செய்யும். ஆகவே பிரிக்காத டப்பாவுக்குள் இருக்கும் ஃபிலிமும் சும்மா இருப்பதில்லை; தன்னைச் சுற்றியுள்ள சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. கழுவிய பிறகு நெகட்டிவ் முழுவதும் படரும் அந்தச் சாம்பல் நிறத்தை ஸ்டூடியோக்காரர்கள் ‘ஃபாக்’ என்பார்கள்.

வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நம் வீடுகளில் பழைய கேமராப் பை எங்கே இருக்கும்? பரணில். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண், சித்திரை வெயிலில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஃபிரிட்ஜின் 4 டிகிரியோடு ஒப்பிட்டால், இந்தக் கணக்குப்படி பத்துப் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் ஃபிலிம் அங்கே கிழடாகிறது. பெட்டியில் உள்ள தேதி இந்த இரண்டு வாழ்க்கைக்கும் பொதுவாக அச்சிட்டதுதான். ‘இந்து’ ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை உதகமண்டலத்தில் அமைத்தபோது, அந்த ஊரின் குளிர்ச்சியையும் தூசியில்லாத காற்றையும் கருதியே அமைத்தார்கள்.

குளிர் ஃபிலிமை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு 1897-இல் நடந்த ஒரு பயணத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்த ஆண்டு ஜூலை 11 அன்று சுவீடனைச் சேர்ந்த ஆந்த்ரே, நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃப்ரெங்கல் ஆகிய மூவர் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலிருந்து ஹைட்ரஜன் பலூனில் வட துருவத்துக்குப் புறப்பட்டார்கள். மூன்றே நாளில் பலூன் பனிக்கடலின் மேல் இறங்கிவிட்டது. பிறகு இரண்டரை மாதத்துக்கும் மேலாகப் பனிப்பாளங்களின் மீது சறுக்குவண்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தும், மிதந்தும், க்விட்டோயா என்ற ஆளில்லாத தீவைச் சேர்ந்து அங்கேயே இறந்துபோனார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று 33 ஆண்டுகள் உலகத்துக்குத் தெரியவில்லை. 1930 ஆகஸ்டில் ஒரு நார்வே கப்பல் அந்தத் தீவில் ஒதுங்கியபோதுதான் முகாமின் மிச்சங்கள் அகப்பட்டன. ஸ்ட்ரிண்ட்பெர்க் எடுத்த, ஆனால் கழுவப்படாத ஃபிலிம்களும் அந்த முகாமில் இருந்தன.

ஸ்டாக்ஹோம் ராயல் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவினார். ஸ்ட்ரிண்ட்பெர்க் வேலை பார்த்ததும் அதே கழகத்தில்தான். 240 படங்களில் 93 தேறின. சரிந்து கிடக்கும் பலூனை இரண்டு பேர் நின்று பார்க்கும் படம் அவற்றில் ஒன்று. துருவப் பயணங்களைப் பற்றிய புத்தகங்களில் இன்றும் அச்சாகிறது. அதில் கறையும் புள்ளியும் நிறைய உண்டு. ஆனால் மனிதர்கள் தெளிவாகவே இருக்கிறார்கள். ஒளி பட்டபின் உருவான சில அணுக்கள் 33 ஆண்டுகள் கலையாமல் இருந்திருக்கின்றன. இங்கே ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். எடுத்துக் கழுவாத ஃபிலிமுக்கு ஆபத்து இரண்டு: புதிய ஃபாக் சேர்வது ஒன்று, பதிந்த பிம்பம் மெல்ல மங்குவது இன்னொன்று. அதனால்தான் எடுத்த ரோலை உடனே கழுவச் சொல்கிறார்கள். எடுக்காத ரோல் கொஞ்சம் பொறுக்கும்.

ஈரம் தனிக் கதை. ஜெலட்டின் தண்ணீரை உறிஞ்சி உப்பும். பூஞ்சைக்கு அது விருந்து. ஃபிரிட்ஜில் வைப்பதானால் மூடி இறுகிய டப்பாவோடு, ஜிப் பையில் போட்டு வைக்க வேண்டும். வெளியே எடுத்தவுடன் திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் ஃபிலிம்மேல் வியர்த்துவிடும். ஓரிரு மணி நேரம் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கலாம். நீண்ட காலச் சேமிப்புக்குக் கோடாக் தன் சினிமா ஃபிலிம்களுக்குச் சொல்வது மைனஸ் 18 முதல் மைனஸ் 23 டிகிரி வரை. போலராய்டு வகை உடனடி ஃபிலிமை மட்டும் உறைய வைக்கக் கூடாது. அதன் உள்ளே மருந்துக் குழம்பு அடைத்த பைகள் இருக்கின்றன.

ஃப்ரீசராலும் நிறுத்த முடியாதது கதிரியக்கம். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் ஃபிரிட்ஜ் கதவைப் பொருட்படுத்துவதில்லை. வேகம் கூடிய, அதாவது குறைந்த ஒளியிலேயே பதியும் 1600, 3200 ஐஎஸ்ஓ ஃபிலிம்களில் படிகங்கள் பெரியவை, ஆகவே அடியும் அவற்றுக்கே அதிகம். கதிரியக்கம் விண்வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. 1945-இல் கோடாக்கின் எக்ஸ்ரே ஃபிலிம்களில் காரணமில்லாமல் புள்ளிகள் தோன்றின. ஜூலியன் வெப் என்ற கோடாக் விஞ்ஞானி துருவிப் பார்த்தபோது, ஃபிலிமைப் பொதிந்த வைக்கோல் அட்டையில் கதிரியக்கப் பொருள் இருப்பது தெரிந்தது. இண்டியானா மாநிலத்தில் அந்த அட்டையைச் செய்த ஆலை ஆற்றுநீரைப் பயன்படுத்தியிருந்தது. அந்த ஆண்டு ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் ரகசியமாக வெடித்துப் பார்த்த முதல் அணுகுண்டின் சாம்பல்தான் அந்த நீரில் வந்திருந்தது.

சரி, பழைய ரோல் ஒன்று கைக்கு வந்துவிட்டது. என்ன செய்யலாம்? கலர் நெகட்டிவ் என்றால், காலாவதியான ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி, அதாவது இரண்டு மடங்கு ஒளி, கொடுப்பது வழக்கம். பத்து வருடப் பழைய 400 ஐஎஸ்ஓ ஃபிலிமை 200 என்று வைத்து எடுப்பார்கள். ஃபாக்கின் அடியில் அமுங்கிப்போகும் நிழல் பகுதிகளைக் கூடுதல் ஒளி மேலே தூக்கிவிடும். இந்தக் கணக்கு சராசரிப் பராமரிப்புக்கானது, ஃப்ரீசரில் கிடந்ததற்கு அவ்வளவு தேவைப்படாது. கலரில் மூன்று அடுக்குகள். மூன்றும் வெவ்வேறு வேகத்தில் கெடுவதால் நிறம் ஒரு பக்கம் சாயும். ஸ்லைடு ஃபிலிமில் கூடுதல் ஒளி உதவாது, வெளிச்சப் பகுதிகள் வெளுத்துப்போகும். வேகம் குறைந்த கருப்பு வெள்ளைதான் நீண்ட நாள் தாங்கும் ஜாதி. எப்படிப் பார்த்தாலும் கல்யாணத்துக்கு இவற்றை எடுத்துப்போகிறவரை நான் துணிச்சல்காரர் என்று சொல்ல மாட்டேன்.

கோடாக்குரோம் என்ற கலர் ஃபிலிம் மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. மற்றக் கலர் ஃபிலிம்களில் நிறத்தை உண்டாக்கும் பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கும். இதில் அது கழுவும் மருந்தில் இருந்தது. கோடாக் 2009-இல் தயாரிப்பை நிறுத்தியது. அதைக் கழுவிவந்த கடைசி ஆய்வகம், கான்சாஸ் மாநிலம் பார்சன்ஸ் ஊரில் இருந்த டுவெய்ன்ஸ் போட்டோ, 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஃப்ரீசரில் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் இனி அதில் கருப்பு வெள்ளைப் படம்தான் கிடைக்கும். சாதாரண கலர் லேபுக்கு அனுப்பவும் கூடாது. பின்புறம் பூசியிருக்கும் கரிப்பூச்சு கரைந்து, கூடவே கழுவும் மற்றவர்களின் ரோல்களையும் கெடுத்துவிடும்.