எந்தக் கோயிலுக்கு மாலை?

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கை மகனோடு கல்வராயன் மலைக்குச் சென்றிருந்தேன். கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறிக் கச்சிராயபாளையம் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் கரியாலூரை அடைந்தபோது நண்பகலாகிவிட்டது. படகுத் துறைக்குச் செல்லுமுன் தேநீர் அருந்தலாம் என்று சாலையோரக் கடை ஒன்றில் அமர்ந்தோம். கடையை நடத்தியவர் மலைவாழ் மூதாட்டி ஒருவர்.

எனக்கு முதலில் வந்த குவளையை அவர் வழக்கம்போல் வைத்தார். என் மருமகனுக்குரிய குவளையையோ இரண்டாம் முறை நீரூற்றிக் கழுவினார். இரு கைகளாலும் நீட்டினார். “எந்தக் கோயிலுக்குச் சாமி மாலை போட்டிருக்கீங்க? எத்தனை நாள் விரதம்?” என்று பணிவோடு கேட்டார்.

அப்போதுதான் நானும் அவன் கழுத்தை உற்று நோக்கினேன். சட்டையின் மேற்பொத்தான்கள் இரண்டைத் திறந்துவிட்டு, மார்பில் தெரியும்படி செபமாலை ஒன்றை அணிந்திருந்தான். மாலையின் நுனியிலிருந்த சிலுவை ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அது என் தாயாரின் செபமாலை. அவர் இறைவனடி சேர்ந்த பின் என் தமக்கையின் வீட்டில் மாதா படத்தின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

பையன் சிரித்துக்கொண்டே, “விரதமெல்லாம் இல்லை பாட்டி. சும்மா, ஸ்டைலுக்குப் போட்டேன்” என்றான். மூதாட்டி கோபப்படவில்லை. “அப்படியா தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பருகே போனார். ‘சாமி’ ஒரு நொடியில் ‘தம்பி’ ஆகிவிட்டான். அந்த மாற்றம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவனுக்குத் தைத்ததா என்பது அப்போது தெரியவில்லை.

செபமாலையைக் கழுத்தில் அணிவதே தவறு என்று சிலர் கடிந்துரைப்பதுண்டு. திருச்சபை அப்படியொரு சட்டம் வகுக்கவில்லை. 1983ஆம் ஆண்டு வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1171ஆம் சட்டம், மந்திரித்த பொருள்களை மரியாதையோடு கையாள வேண்டும், அவை தனியாருக்குச் சொந்தமானவையாயினும் அவற்றுக்குத் தகாத பயனுக்கு உட்படுத்தலாகாது என்றுதான் கூறுகின்றது. துறவியர் இடைக்கச்சையில் செபமாலையைத் தொங்கவிடுகின்றனர். வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்வோர் கழுத்திலேயே அணிந்து செல்கின்றனர். நம் மொழியில் அதன் பெயரே மாலை அல்லவா? தமிழ்நாட்டில் மாலை அணிந்தவன் ஒரு நேர்ச்சையை ஏற்றவன். சபரிமலைக்குச் செல்பவராயினும் பழனிக்குச் செல்பவராயினும், அந்த மாலையைக் கண்டவுடன் ஊரார் வழிவிடுவர். கரியாலூர் மூதாட்டி நம் மறையை அறியாதவராக இருக்கலாம். மாலை என்றால் என்ன என்பதை நன்கறிந்திருந்தார்.

கழுத்தில் கிடப்பது எதைக் குறிக்கின்றது என்பதை நம் முன்னோர் எவ்வளவு பெரிதாக எண்ணினர் என்பதற்குத் தமிழகத் திருச்சபை வரலாறே சான்று. மதுரையில் பணிபுரிந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி, மறை தழுவிய அந்தணர் பூணூல் அணியலாமா என்ற வினாவை உரோமைவரை கொண்டுசென்றார். 1623ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைவளித்தார். ஆயினும் மூடச் சடங்குகள் விலக்கப்பட்டு, குருவானவர் மந்திரித்துக் கொடுத்த நூலாக அது இருக்கவேண்டும் என்றார். பின்னர், திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் ஆண்டகை 1704ஆம் ஆண்டு சூன் திங்களில் புதுச்சேரியிலிருந்து வெளியிட்ட ஆணையில், கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது, சிலுவையோ ஆண்டவர் அல்லது தேவதாயின் உருவமோ பொறித்ததை அணியலாம் என்று கட்டளையிட்டார். மஞ்சள் தோய்த்த நூற்றெட்டு இழைக் கயிறுங்கூட அன்று விலக்கப்பட்டது. இவ்வழக்குகள் 1744ஆம் ஆண்டு பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணைமடல் வெளியிடும்வரை ஓயவில்லை. அன்றைய தீர்ப்புகளெல்லாம் சரியா என்பது வேறு வினா; எனக்கே சிலவற்றில் உடன்பாடில்லை. ஆனால் ஒரு நூலுக்காகவும் ஒரு பொட்டுத் தங்கத்துக்காகவும் நூறாண்டுக்கு மேல் வாதாடினார்களே, அவர்கள் ஒருவரும் “சும்மா போட்டேன்” என்று சொல்லவில்லை.

மேலைநாட்டில் 1980களில் மடோனா என்னும் பாடகி, தேவதாயின் பெயரையே தாங்கியவர், செபமாலைகளையும் பாடுபட்ட சுரூபங்களையும் கழுத்து நிறைய அணிந்து மேடையேறினார். அதன்பின் ஆடையலங்கார நிறுவனங்கள் அவற்றை அணிகலனாகவே விற்கத் தொடங்கின. அந்தக் காற்று இன்று கைப்பேசி வழியே நம் பிள்ளைகளிடமும் வீசுகிறது.

பிள்ளைகளைமட்டும் குறைகூறுவது எளிது. அன்று தேநீர்க் கடையில் நான் வாய் திறவாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. என் கழுத்திலும் சங்கிலி ஒன்று கிடந்தது, மூன்று சவரன், நுனியில் தங்கச் சிலுவை. என் திருமணத்தின்போது அதை வாங்கக் கடைக்குப் போனவர்கள் எடையையும் செய்கூலியையும்பற்றிப் பேசினார்கள். சிலுவையைப்பற்றி யாரும் ஒரு சொல் பேசியதாக எனக்கு நினைவில்லை. மூதாட்டி அதைப் பார்த்தார். ஆனால் என்னிடம் எந்த விரதத்தைப்பற்றியும் கேட்கவில்லை. அது அவருக்கு நகையாகவே தோன்றியிருக்கும். அவர் நினைத்ததில் பிழையுமில்லை.

அணிகலனே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகர்க் கிளமெந்து, கிறிஸ்தவர்கள் தங்கள் முத்திரை மோதிரங்களில் புறா, மீன், கப்பல், நங்கூரம் ஆகியவற்றைப் பொறித்துக்கொள்ளலாம் என்று எழுதினார். கார்மேல் அன்னையின் உத்தரியத்துக்குப் பதிலாக, ஒருபுறம் திரு இருதயமும் மறுபுறம் தேவதாயும் பொறித்த பதக்கத்தை அணியலாம் என்று 1910ஆம் ஆண்டு திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் இசைந்தார். ஆனால் உத்தரியம் பெறும் நாளில் துணி உத்தரியமே வேண்டும். அந்தத் துண்டுத் துணியை யாரும் அழகுக்காக அணிவதில்லை. சட்டைக்குள்ளே வியர்வையில் நனைந்து கிடக்கும். என் தாயாரின் உத்தரியம் நிறமே தெரியாதபடி கறுத்திருந்தது.

மாலையில் மலையிறங்கும் பேருந்தில் பையன் சன்னலோரம் அமர்ந்தான். சிறிது நேரம் கழித்துச் செபமாலையைக் கழற்றினான். சட்டைப்பையில் வைப்பான் என்று எண்ணினேன். கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பார்த்தான். செபிக்கவில்லை, எண்ணினான் போலும். திடீரென்று நிறுத்தி, “மாமா, எல்லாம் மரமணி. இந்த ஒன்றுமட்டும் ஏன் நீலமாக இருக்கிறது?” என்றான்.

களையெடுக்கும்போது நூல் அறுந்து ஒரு மணி வயலில் விழுந்துவிட்டது, தேடிக் கிடைக்கவில்லை, மறுநாள் பாசிமணி ஒன்றைக் கோத்துக்கொண்டு அன்றிரவே செபமாலை சொன்னார் உன் ஆயா என்றேன்.

“ஒரு மாதமாகப் போட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றான். பிறகு, நீலமணியை விரலிடையே பிடித்தவாறே, “எங்கேயிருந்து தொடங்க வேண்டும், மாமா? சிலுவையிலிருந்தா?” என்று கேட்டான்.

ஆம் என்றேன். அன்று வெள்ளிக்கிழமை. துக்க தேவ இரகசியங்களில் நான்காவதற்குப் பின் எது என்பது எனக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை.